நாலு நரம்பு

ஹீலோவில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.
பஹோவா டிரிப்பை முடித்துவிட்டு
நனைந்த யூனிஃபார்மோடு கடைக்குள் போனேன்.
உகுலேலேவுக்கு நரம்பு வேண்டும் என்றேன்.
வலிக்காத நரம்பு.

கல்லாவில் நின்ற பெண்ணின் சட்டையில்
கவெஹி என்று பெயர் குத்தியிருந்தது.
என் மகனைவிடச் சின்னவள்.
சிரிக்கவில்லை, அதற்கே நன்றி.
கையைக் காட்டுங்கள் என்றாள்.
ரேகையை விட்டுவிட்டு நுனியைப் பார்த்தாள்.

ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்.
பன்னிரண்டு வருஷமாய்க் காலையில் ஒரு குத்து,
ராத்திரி ஒரு குத்து,
ஒரு சொட்டு ரத்தம், ஒரு எண்.
வலது கை வேலைக்கு வேண்டுமே என்று
ஊசிக்கு எப்போதும் இடது கையையே
கொடுத்துப் பழகிவிட்டேன்.
தோலெல்லாம் கடுகு தெளித்தது போல.

நரம்பு தளர்ந்திருக்கிறது, பச்சேக்கோ,
என்று போன மாதம்தான் டாக்டர் சொன்னார்.
இவள் சொல்கிறாள்:
தளர்ந்த நரம்புதான் உங்களுக்குச் சரி.
நான் சிரித்தேன்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

சுவரிலிருந்து மூன்றை இறக்கினாள்.
முதலாவதில் விரல் பட்டதுமே தெரிந்துபோயிற்று,
இது நான் உலுவா மீனுக்குக் கட்டும்
அதே தூண்டில் நரம்பு.
மெல்லிசு, கண்ணாடி போல.
குரல் பளிச்சென்றுதான் இருந்தது.
ஆனால் ஒரு விடியற்காலையில்
பாறைமேல் நின்ற என் உள்ளங்கையைக்
குறுக்கே திறந்துவிட்டது இதுதான்.
வேண்டாம், எங்களுக்குள் பழக்கம் உண்டு என்றேன்.

அடுத்ததில் ஒரு நரம்புக்கு மட்டும் கம்பி சுற்றியிருந்தது.
விரல் நகர்ந்தால் கீச்.
நாள் முழுக்க வைப்பரோடு இருப்பவன்
வீட்டிலும் வைப்பர் வைத்துக்கொள்வானா?

மூன்றாவது கறுப்பு நைலான்.
பருமன். அழுத்தினால் அழுந்தியது,
பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை.
சத்தம் மட்டும் கொஞ்சம்
மூக்கடைத்த மாதிரி இருக்கும் என்றாள்,
விற்பவள் சொல்லக்கூடாததை.
எட்டு டாலர்.

என்னுடையதைத் திருப்பிப் பார்த்தவள்
தலைப்பக்கத்துக் கட்டை உயரம், அதுவும் குற்றவாளிதான்
என்று அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
சுருதியை அரைப்படி இறக்கி வையுங்கள்,
தனியாக வாசிப்பவருக்கு யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?

எங்கே வாங்கியது என்றாள்.
பஸ்ஸில் யாரோ விட்டுப்போனது.
டிப்போ அலமாரியில் மூன்று மாதம் கிடந்தது,
தேடி யாரும் வரவில்லை.

அன்றிரவு முதல்முறையாக
வலது கையில் குத்தினேன்.
அந்த விரல்களுக்கு வழக்கம் தெரியவில்லை,
துள்ளின.
நூற்று நாற்பத்தெட்டு.
இடது மோதிரவிரலை ஓரத்து நரம்பில்,
மூன்றாம் கட்டத்தில் வைத்தேன்.
ஒரே விரல், முழு ஸி கார்டு.
இவ்வளவு மலிவாக எனக்கு
எதுவும் கிடைத்ததில்லை.

புது நரம்பு முதல் வாரம் சுருதியில் நிற்காது.
முறுக்குவேன், தொய்யும், முறுக்குவேன்.
பஹோவா ஸ்டாப்பில் பதினோரு நிமிஷம் கிடைக்கும்.
வண்டியை அணைத்துவிட்டு
காலி சீட்டுகளுக்கு ஸி வாசித்தேன்.
எஃப்புக்கு இரண்டு விரல் வேண்டும்.
அது ஞாயிற்றுக்கிழமைக்கு.

வியாழனன்று ஒரு பெண் ஏறினாள்,
மருத்துவமனைச் செருப்பு, கையில் ஈரக் குடை.
பாஸைக் காட்டிவிட்டும் நகரவில்லை.
டேஷ்போர்டில் சாய்ந்திருந்ததன் தலையில்
ஓரம் உடைந்த இடத்தைப் பார்த்தாள்.
பிறகு நரம்பைப் பார்த்தாள்.

கறுப்பு போட்டிருக்கிறீர்கள் என்றாள்.
ஆமாம், கை வலி.
எனக்கும் அறுத்தது, அதனால்தான் நான்...
பின்னால் ஒரு பையன் உள்ளே போங்க என்றான்.
நான் கதவை மூடினேன், வண்டி இரைந்தது,
மீதி வாக்கியம் மழைக்குள் போயிற்று.

கேயாவூவில் இறங்கும்போது
படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல்,
ஒற்றை விரலால் ஒருமுறை தட்டினாள்,
நாலு நரம்பையும்.
சுருதி இறங்கியிருந்தது.
இருவருக்கும் தெரிந்தது.